மூலம் என்று எண்ணிய இரத்தமும் மெத்திலேற்றச் சோதனையும்

காவிரி டெல்டாவிலிருந்து 46 வயதுள்ள வங்கி ஊழியர் ஒருவர், பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதமும் மூன்று மருத்துவ அறிக்கைகளின் நகல்களும் அனுப்பியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு 68-ஆம் வயதில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. தாயார் இப்போது நலமாக இருக்கிறார். அகற்றப்பட்ட கட்டியின் திசு அறிக்கையில், எம்எல்எச்1 என்ற புரதம் கட்டியில் காணப்படவில்லை என்றும், எம்எல்எச்1 மரபணுவின் ஊக்கிப் பகுதியில் மெத்திலேற்றம் (மரபணுவைச் செயலற்றதாக்கக் கூடிய ஒரு வேதி ஒட்டு) இருக்கிறது என்றும் குறிப்பு உள்ளது. அமெரிக்காவில் வசிக்கும் 50 வயது அண்ணன், இரத்தத்தில் டி.என்.ஏ. மெத்திலேற்றத்தைப் பார்க்கும் புதிய சோதனையைச் செய்துகொண்டு, ‘இயல்பு’ என்ற முடிவைப் பெற்றிருக்கிறார். “நம் குடும்பத்து நோயே மெத்திலேற்றம்தான்; அதனால் இந்தச் சோதனைதான் நமக்குச் சரி, நீயும் எடுத்துக்கொள்” என்பது அண்ணனின் அறிவுரை. வாசகரும், இதுபோன்ற சோதனையை 95% துல்லியம் என்று விளம்பரம் செய்யும் ஒரு தனியார் ஆய்வகத்தில் முன்பணம் கட்டிவிட்டார். அடுத்த வாரம் இரத்தம் எடுக்க வீட்டுக்கே வருகிறார்கள்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் சொல்வதுபோல, இன்னும் இரண்டு செய்திகளை எழுதியிருக்கிறார். ஐந்து மாதங்களாக மலத்துடன் அவ்வப்போது இரத்தம் வருகிறது. அதை மூலம் என்று தாமாகவே முடிவு செய்து, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசி வருகிறார். அலுவலக உடற்பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 என்றும், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவு என்றும் வந்ததால், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி என்றால் அவருக்கு அச்சம். குடலில் ஓட்டை விழுந்துவிடும் என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொல்லியிருக்கிறார். இரத்தச் சோதனை மட்டும் போதுமா, மெத்திலேற்றம் பரம்பரையாக வருவதா, ‘உண்டு’ என்று முடிவு வந்தால் புற்றுநோய் உறுதியா, 17 வயது மகளுக்கும் 13 வயது மகனுக்கும் இப்போதே சோதனை செய்ய வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த இரண்டு செய்திகளிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மற்றக் கேள்விகள் அனைத்துக்குமான பதில் அவற்றைச் சார்ந்துதான் இருக்கிறது. மெத்திலேற்றத்தைப் பார்க்கும் சோதனைகள், அவை இரத்தத்தில் செய்யப்பட்டாலும் மலத்தில் செய்யப்பட்டாலும், எந்தத் தொந்தரவும் இல்லாத, சராசரி அபாயம் மட்டுமே உள்ள மனிதர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஆயிரக்கணக்கான ஆரோக்கியமானவர்களிடையே யாரை அடுத்தகட்டப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று சலித்தெடுப்பதே அவற்றின் வேலை. உங்களுக்கோ மலத்தில் இரத்தம் வருகிறது; இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகையும் இருக்கிறது. அந்தச் சலித்தெடுப்பில் அடுத்தகட்டத்துக்கு யாரை அனுப்புவார்களோ, அந்த இடத்தில் நீங்கள் ஏற்கெனவே நிற்கிறீர்கள். எனவே உங்களுக்குத் தேவை கொலோனோஸ்கோப்பி. இரத்தச் சோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும் இந்தப் பதில் மாறாது என்பதால், அந்தச் சோதனைக்குச் செலவிடுவதில் உங்களுக்குப் பயன் இல்லை.

உங்களுக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உங்கள் வயதில் மலத்துடன் சிவப்பாக இரத்தம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் காரணமாக இருக்கிறது. ஆனால் அந்த முடிவுக்கு உள்ளே பார்த்த பிறகுதான் வர வேண்டும். மூலம் இருப்பது உறுதியானாலும், அதற்கு மேலே குடலில் வேறொன்று இல்லை என்பதற்கு அது சான்றாகாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். உங்கள் ஹீமோகுளோபின் அளவுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை, நீங்கள் 10.4-இல் இருக்கிறீர்கள். மாதவிடாய் இல்லாத ஓர் ஆணின் உடலில் இரும்புச்சத்து இந்த அளவுக்குக் குறைந்தால், அது எங்கிருந்தோ கசிகிறது அல்லது குடலில் உறிஞ்சப்படாமல் போகிறது என்று பொருள். கொக்கிப்புழு, இரைப்பைப் புண், தொடர்ந்து வலிமாத்திரை சாப்பிடுவது எனக் காரணங்கள் பல இருக்கலாம். அதனால்தான் இத்தகையவர்களுக்குக் கொலோனோஸ்கோப்பியுடன், வாய்வழியாகக் குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் மேல்வழி எண்டோஸ்கோப்பியையும் சேர்த்துச் செய்கிறோம். பெரும்பாலும் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். காரணத்தைத் தேடாமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டு வந்தால் எண் மெல்ல ஏறிவிடும். கசிவு அப்படியே இருக்க, சரியாகிவிட்டது என்ற எண்ணம் மட்டும் உண்டாகும்.

தாயாரின் அறிக்கையில் இருக்கும் அந்த வரி

அண்ணனுடைய அறிவுரையின் அடித்தளமே இந்த வரிதான். அதை அவர் நேர்மாறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நம் மரபணுக்களை எழுதியிருக்கும் நான்கு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். அதன்மேல் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி வந்து ஒட்டிக்கொள்வதே மெத்திலேற்றம். எழுத்து மாறுவதில்லை, ஆனால் ஒரு மரபணுவின் தொடக்கத்தில் உள்ள ஊக்கிப் பகுதியில் இது அடர்த்தியாக ஏறினால், அந்த மரபணு செயலற்றுப் போகிறது. பேரேட்டில் ஒரு வரியை அடிக்காமலும் திருத்தாமலும் அதன்மேல் காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுவது போன்றது இது: பதிவு அங்கேயே இருக்கிறது, படிக்கத்தான் முடியாது. மெத்திலேற்றம் நம் உடலில் இயல்பாக நடப்பதுதான். வயது ஏற ஏற, நோயில்லாத குடலின் உட்சவ்விலும் சில மரபணுக்களில் அது கூடிக்கொண்டே போகிறது. நடக்கக் கூடாத மரபணுவில் நடக்கும்போதுதான் சிக்கல்.

எம்எல்எச்1 மரபணுவின் பணி, செல் பிரியும்போது டி.என்.ஏ. படியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்துவது. அது ஒரு கட்டியில் காணாமல் போவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. பெற்றோரிடமிருந்து பிறவியிலேயே பழுதான மரபணு வந்திருப்பது முதல் வழி. இதற்கு லிஞ்ச் நோய்க்கூட்டம் என்று பெயர். இதில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பழுது வர 50% வாய்ப்பு உண்டு. பிறவியில் சரியாக இருந்த மரபணு, முதுமையில், குடலின் ஏதோ ஓர் இடத்துச் செல்களில் மட்டும் மெத்திலேற்றத்தால் அடைபட்டுப் போவது இரண்டாவது வழி. வலப்பக்கப் பெருங்குடல், அறுபதைக் கடந்த வயது, பெண் என்ற மூன்றும் சேர்ந்து வருவது இந்த இரண்டாவது வகையில்தான் அதிகம். உங்கள் தாயாரிடம் இந்த மூன்றும் பொருந்துகின்றன. எம்எல்எச்1 புரதம் இல்லை என்று தெரிந்தவுடன் மெத்திலேற்றத்தையும் பார்த்தது, இது லிஞ்ச் வகையா இல்லையா என்று பிரித்தறிவதற்காகத்தான். மெத்திலேற்றம் இருக்கிறது என்று வந்தால், பரம்பரைக்கான வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. அதே கட்டியில் பிராஃப் மரபணுவின் வி600இ மாற்றமும் இருந்தால் அந்த முடிவு மேலும் வலுப்பெறும். அந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று அறுவைச் சிகிச்சை நடந்த மருத்துவமனையில் கேளுங்கள். அந்த மெத்திலேற்றம் தாயாரின் கட்டியில் இருந்தது. அறுவைச் சிகிச்சையில் கட்டியோடு அதுவும் போய்விட்டது. பிறவியிலேயே உடல் முழுவதும் எம்எல்எச்1 மெத்திலேற்றத்துடன் பிறப்பவர்களும் உண்டு, ஆனால் அது மிக அரிது. அவர்களுக்குப் புற்றுநோய் பெரும்பாலும் இளம் வயதிலேயே வந்துவிடுகிறது.

ஆகவே உங்கள் மகளுக்கும் மகனுக்கும் இப்போது எந்தச் சோதனையும் தேவையில்லை. தாயாரின் உடன்பிறந்தவர்களில் யாருக்கும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்ததில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இந்தக் கணிப்போடு ஒத்துப்போகிறது.

அதற்காக, தாயாரின் நோய்க்கும் உங்களுக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், மற்றவர்களின் அபாயம் சராசரியைவிட ஓரளவு கூடுகிறது. அந்த உறவினருக்கு நோய் 60 வயதுக்குள் வந்திருந்தால், 40 வயதிலோ அவருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோப்பியைத் தொடங்கி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குடலியல் வல்லுநர் குழுவின் 2017-ஆம் ஆண்டுப் பரிந்துரை. 60 வயதிலோ அதற்குப் பிறகோ வந்திருந்தால், 40 வயதில் தொடங்கினால் போதும். சோதனை முறையும் இடைவெளியும் மற்றவர்களுக்கு உள்ளவையே. உங்கள் தாயாருக்கு 68-இல் வந்ததால் நீங்கள் இரண்டாவது பிரிவில் வருகிறீர்கள். குடும்ப வரலாறு ஒன்றை மட்டும் வைத்து எழுதியிருந்தால், எளிய மலச் சோதனையிலிருந்து தொடங்கலாம் என்றே சொல்லியிருப்பேன். இரத்தப் போக்கும் இரத்தசோகையும் அந்த வழியை மூடிவிட்டன.

இந்தச் சோதனைகள் எவ்வளவு கண்டுபிடிக்கின்றன

மெத்திலேற்றக் குறிகள் வீண் என்று நான் நினைக்கவில்லை. புற்றுநோய் வளரும்போது சில மரபணுக்களில் மெத்திலேற்றம் மிகத் தொடக்கத்திலேயே, கட்டி தோன்றுவதற்கு முந்திய பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி நிலையிலேயே நிகழ்வதால், அதை அடையாளமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்பது வலுவான கருத்து. மரபணு மாற்றங்கள் ஆளுக்கு ஆள் வெவ்வேறு இடங்களில் நிகழ்கின்றன. மெத்திலேற்றமோ பெரும்பாலோருக்குக் குறிப்பிட்ட சில இடங்களிலேயே நிகழ்கிறது. ஒரே சோதனையைப் பலருக்கும் பயன்படுத்த முடிவது இதனால்தான். ஆனால் கருத்து வலுவாக இருப்பதும், ஒரு குழாய் இரத்தத்தில் அதைக் கண்டுபிடிப்பதும் வெவ்வேறு.

செப்டின் 9 என்ற மரபணுவின் மெத்திலேற்றத்தை இரத்தத்தில் பார்க்கும் எபி புரோகோலான் சோதனையின் கதை, உங்கள் ஆய்வகத்தின் 95% என்ற எண்ணை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. தொடக்க ஆய்வுகளில், ஏற்கெனவே புற்றுநோய் என்று தெரிந்தவர்களின் இரத்தத்தையும் ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, சுமார் 70% புற்றுநோய்களை அது கண்டுபிடித்தது. பின்னர், எந்தத் தொந்தரவும் இல்லாமல் கொலோனோஸ்கோப்பிக்கு வந்தவர்களிடம் முன்கூட்டியே இரத்தம் எடுத்துவைத்து, பிறகு ஒப்பிட்ட பெரிய ஆய்வு நடந்தது. 2014-இல் வெளியான அதன் முடிவில் அந்த எண் 48.2% ஆகக் குறைந்தது. புற்றுநோயாகும் வாய்ப்பு அதிகமுள்ள முற்றிய பாலிப்களில் 11% அளவுக்கே அது கண்டுபிடித்தது. முதல் வகை ஆய்வில் பெரிய, பரவிய கட்டிகள் அதிகம் இருந்துவிடுவதே இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் இந்தச் சோதனைக்கு அனுமதி அளித்தபோதும், மற்றச் சோதனைகளைச் செய்துகொள்ள மறுப்பவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான் அளித்தது. 2021-இல் அந்நாட்டின் மெடிகேர் காப்பீடு, இரத்தச் சோதனை ஒன்றுக்குப் பணம் தர வேண்டுமானால் அது குறைந்தது 74% புற்றுநோய்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வரம்பை வகுத்தது.

அந்த வரம்பைத் தாண்டி வந்ததுதான் 2024 ஜூலையில் அனுமதி பெற்ற ஷீல்டு சோதனை. இது மெத்திலேற்றத்தோடு இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளின் தன்மையையும் சேர்த்துப் பார்க்கிறது. சராசரி அபாயமுள்ள 7,861 பேரிடம் நடந்த ஆய்வில், கொலோனோஸ்கோப்பியில் புற்றுநோய் உறுதியான 65 பேரில் 54 பேரை இது கண்டுபிடித்தது, அதாவது 83.1%. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் முற்றிய பாலிப்களில் கண்டுபிடித்தது 13.2% மட்டுமே. இதற்குக் காரணம் எளிது: பாலிப் குடலின் உட்புறமாக வளர்கிறது, அதிலிருந்து உதிரும் செல்கள் மலத்தோடு போகின்றன. இரத்தக் குழாய்க்குள் அதன் டி.என்.ஏ. போதுமான அளவு வந்து சேர்வதற்கு, கட்டி குடற்சுவரை ஊடுருவத் தொடங்கியிருக்க வேண்டும். வந்து சேர்ந்தாலும் சில மணி நேரத்தில் உடல் அதைத் துடைத்துவிடுகிறது.

மலத்தில் தேடும் சோதனைகள் இந்த இடத்தில் முந்துகின்றன. 2014-இல் அனுமதி பெற்ற கோலோகார்ட், என்டிஆர்ஜி4, பிஎம்பி3 என்ற இரு மரபணுக்களின் மெத்திலேற்றத்தையும் கேராஸ் மரபணு மாற்றத்தையும் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தையும் ஒன்றாகப் பார்க்கிறது. ஏறத்தாழ பத்தாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில் அது 92.3% புற்றுநோய்களையும் 42.4% முற்றிய பாலிப்களையும் கண்டுபிடித்தது. அதே ஆய்வில் அதே மனிதர்களிடம், மலத்தில் இரத்தத்தை மட்டும் பார்க்கும் மலிவான ஃபிட் சோதனை 73.8% புற்றுநோய்களையும் 23.8% முற்றிய பாலிப்களையும் கண்டுபிடித்தது. கோலோகார்டை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஃபிட்டை ஆண்டுதோறும் செய்வது அமெரிக்க வழக்கம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இடைவெளி இன்னும் சுருங்குகிறது. பெருங்குடல் புற்றுநோய் ஒப்பீட்டளவில் குறைவாக உள்ள, அதற்கென்று அரசின் முன்னறிதல் திட்டம் இல்லாத நம் நாட்டில், தொந்தரவு ஏதுமில்லாத 45 வயதுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டால், விலையுயர்ந்த மெத்திலேற்றச் சோதனைக்கு முன் தவறாமல் ஃபிட் செய்துகொள்ளும்படிதான் சொல்வேன். உங்கள் ஆய்வகம் இலவசமாகச் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் சி.இ.ஏ. என்ற இரத்தப் புரதச் சோதனையைப் பொருட்படுத்த வேண்டாம். அது நோய் உறுதியானவர்களின் சிகிச்சையைக் கண்காணிக்கப் பயன்படுவது. ஆரோக்கியமானவர்களிடம் நோயைத் தேடுவதற்கு உரியதன்று.

‘உண்டு’ என்றும் ‘இல்லை’ என்றும் வரும் முடிவுகள்

‘உண்டு’ என்று வந்தால் புற்றுநோய் உறுதியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஷீல்டு ஆய்வின் எண்களையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆயிரம் பேருக்குச் சுமார் 8 பேரிடம் புற்றுநோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 7 பேருக்கு ‘உண்டு’ என்று வரும். புற்றுநோயோ முற்றிய பாலிப்போ இல்லாதவர்களில் 89.6% பேரையே சோதனை சரியாக விடுவித்தது என்பதால், மீதமுள்ளவர்களில் சுமார் 100 பேருக்கும் அதே ‘உண்டு’ வரும். ஆக, அந்த முடிவைக் கையில் வாங்குபவர்களில் பதினைந்தில் ஒருவர் அளவுக்கே உண்மையில் புற்றுநோய் உள்ளவர். நோய் இன்னும் குறைவாக உள்ள மக்களிடம் இந்த விகிதம் மேலும் குறையும். வயது கூடக் கூட, இயல்பாக ஏறும் மெத்திலேற்றத்தால் தவறான ‘உண்டு’களும் கூடுகின்றன. எப்படியாயினும் ‘உண்டு’ என்று வந்தால் அடுத்த படி கொலோனோஸ்கோப்பிதான். அதைத் தவிர்ப்பதற்காகத்தான் நீங்கள் இந்தச் சோதனையை நாடியிருக்கிறீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்களைப் பொறுத்தவரை நான் அஞ்சுவது ‘இல்லை’ என்ற முடிவைத்தான். 65 பேரில் தவறவிடப்பட்ட 11 பேருக்கும் ‘இல்லை’ என்றே வந்திருக்கும். அறுவைச் சிகிச்சையால் எளிதில் குணமாகும் முதல் நிலைக் கட்டிகளில்தான் தவறுவது அதிகம். தொந்தரவு இல்லாதவருக்கு அது பெரிய இழப்பாகாமல் போகலாம், மூன்று ஆண்டுகளில் மறுபடி செய்துகொள்வார். இரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு இன்னும் ஓராண்டு களிம்பு பூசிக்கொண்டிருப்பார்.

எனவே ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்து, இரத்தம் எடுக்கும் நாளை ரத்து செய்து, முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இன்னும் மாதிரியே எடுக்கவில்லை என்பதைக் குறிப்பிட்டு மின்னஞ்சலிலும் எழுதுங்கள். அப்போது, 95% என்பது எத்தனை பேரிடம் அளந்தது, அவர்கள் தொந்தரவு இல்லாதவர்களா அல்லது ஏற்கெனவே நோய் உறுதியானவர்களா, அனைவருக்கும் கொலோனோஸ்கோப்பி செய்து ஒப்பிட்டார்களா, முற்றிய பாலிப்களில் எத்தனை விழுக்காடு கண்டுபிடித்தது என்றும் கேட்டுப் பாருங்கள். பணம் திரும்பாவிட்டாலும், வரவிருக்கும் எந்த முடிவுக்காகவும் கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கொலோனோஸ்கோப்பி குறித்த உங்கள் அச்சம்

உங்கள் அலுவலக நண்பர் சொன்னது கற்பனையன்று. குடலில் துளை விழுவது நடக்கக் கூடியதுதான். ஆனால் பரிசோதனைக்காகச் செய்யப்படும்போது அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நிகழ்கிறது. பெரிய பாலிப்பை அகற்றும்போது இந்த அபாயமும் இரத்தக் கசிவும் ஓரளவு கூடும். மயக்க மருந்து தருவதால் பெரும்பாலோருக்கு நடந்ததே நினைவில் இருப்பதில்லை. உண்மையான சிரமம் முதல்நாள் இரவில் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால்தான் பரிசோதனைக்கு மதிப்பு.

முதலில், இரும்புச்சத்து மாத்திரையைப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடற்சுவரில் ஒட்டவைத்து, பார்வையை மறைக்கும். இதை நீங்களே மருத்துவரிடம் நினைவூட்ட வேண்டியிருக்கலாம். இரண்டு மூன்று நாள்கள் கீரை, கொய்யா, தக்காளி, எள், முழுதானியங்கள் வேண்டாம். வெள்ளைச் சோறும் தயிரும் இட்லியும் போதும். முதல்நாள் இளநீர், வடிகட்டிய சூப், பால் சேர்க்காத தேநீர் போன்ற தெளிந்த நீராகாரம் மட்டுமே. குடலைச் சுத்தம் செய்யும் கரைசலை ஒரே மூச்சில் குடித்து முடிக்காமல், பாதியை முதல்நாள் மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் குடிப்பது நல்லது. விடியற்காலையில் எழுந்து குடிக்கச் சலிப்பாக இருக்கும் என்று பலரும் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். அப்படி விடும்போது சரியாகத் தெரியாமல் போவது பெருங்குடலின் வலப்பக்கம். உங்கள் தாயாருக்குக் கட்டி இருந்தது அங்கேதான். கடைசியில் வெளியேறுவது இளமஞ்சளாக, தெளிந்த நீராக இருந்தால் குடல் தயார் என்று கொள்ளலாம்.

அறிக்கை வாங்கும்போது மூன்று செய்திகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கருவி பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை சென்றதற்கான படம் இருக்க வேண்டும். பாஸ்டன் அளவுகோலில் குடலின் தூய்மைக்கு மதிப்பெண் குறித்திருக்க வேண்டும். மூன்று பகுதிகளிலும் தனித்தனியே குறைந்தது 2 இருப்பது நலம். பாலிப் ஏதேனும் எடுத்திருந்தால் அதன் அளவும் இடமும் திசு அறிக்கையும் வேண்டும். கருவியை வெளியே இழுத்து வரும்போது ஆறு முதல் எட்டு நிமிடங்களுக்குக் குறையாமல் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான தர அளவுகோல். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். செலவு பற்றிக் கவலை இருந்தால், பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள குடலியல் துறையை அணுகுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் அறிக்கைகளையும் தாயாரின் திசு அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இந்த இரண்டு வாரங்களுக்குள் நாள் குறித்துவிட முயலுங்கள். இடையில் தலைசுற்றலோ படபடப்போ மூச்சிரைப்போ வந்தாலும், இரத்தம் கட்டிகட்டியாகப் போனாலும், மலம் முன்னைவிடக் கறுத்துத் தார்போல் ஆனாலும், வயிறு உப்பி மலமும் வாயுவும் வெளியேறாமல் நின்றாலும் குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அவருடைய ‘இயல்பு’ என்ற முடிவு அவருக்கு மட்டும் உரியது. உங்களுக்கோ குடும்பத்துக்கோ அது பொருந்தாது. அந்தச் சோதனை சராசரி அபாயமுள்ளவர்களுக்கென்று அனுமதி பெற்றது என்பதால், தாயாருக்கு 68-இல் நோய் வந்ததையும் எம்எல்எச்1 மெத்திலேற்ற அறிக்கையையும் அவர் தம் மருத்துவரிடம் காட்டி, அந்த முடிவோடு நிற்கலாமா என்று கேட்க வேண்டும். உங்கள் கொலோனோஸ்கோப்பியில் பாலிப் கிடைத்தால், அதன் திசு அறிக்கை வந்த அன்றே ஒரு நகலை அவருக்கு அனுப்புங்கள். அது முற்றிய வகையைச் சேர்ந்த அடினோமாவாக (புற்றுநோயாக மாறக் கூடிய பாலிப்) இருந்தால், 60 வயதுக்குள் அது வந்த ஒருவரின் உடன்பிறந்தவர் என்ற நிலைக்கு அவர் மாறிவிடுவார். அப்போது இரத்தச் சோதனை இயல்பாக இருந்தாலும் அவரும் கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் தொடர வேண்டியிருக்கும்.